பாக்கியலட்சுமியும் படம் வராத பெட்டியும்

பாக்கியலட்சுமிக்குக் கைராசி கிடையாது என்று மைசூரில் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர். நல்ல மனிதர் என்று தெருவெல்லாம் பெயர் எடுத்தவர். நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். முகம் தெரியாத ஆள் சொல்லியிருந்தால், போகிறான் போ என்று விட்டிருப்பேனோ என்னவோ. இவர் சொன்னதால் எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுசாகத் தணியவில்லை. தணிய வேண்டிய அவசியமும் இல்லை.

என் பெயர் நாகலக்ஷ்மி. அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊரை விட்டுப் போக மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். நான் அக்ரஹாரத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். யுனிவர்சிட்டிப் பிள்ளைகளின் தீசிஸ், வக்கீல்களின் மனு, சங்கங்களின் ஆண்டறிக்கை எல்லாம் என் டைப்ரைட்டரில்தான் பிறந்தன. தொண்ணூறுகளின் நடுவில் காலம் மாறிவிட்டது. கம்ப்யூட்டரில் அடித்துத் தருவீர்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் அதிகமானார்கள். சரி, நாமும் ஒன்று வாங்கிவிடுவோம் என்று சாம்பு அண்ணாவிடம் சொன்னேன்.

சாம்பு அண்ணா 'சாம்பவி கம்ப்யூட்டர்ஸ்' என்று கடை நடத்தினார். கம்பெனி முத்திரை போட்ட கம்ப்யூட்டர் எல்லாம் பெரிய ஆபீஸ்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்குப் பெங்களூரிலிருந்து உதிரி உதிரியாகச் சாமான் வரவழைத்து, கடையிலேயே பூட்டித் தருவார். அவர் பூட்டித் தருவார் என்று நான் சொல்வது ஒரு பேச்சுக்கு. பூட்டுகிறவள் பாக்கியலட்சுமி.

அவள் அப்பா ஜடையன் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளிக்காரர். சென்ட்ரிங் வேலைக்கு மைசூர் வந்து, மேட்டகள்ளிப் பக்கம் வீடு பிடித்து நிலைத்துவிட்டவர். அம்மா மாதம்மா கட்டட வேலையில் சித்தாள். இவள் கன்னட மீடியத்தில் படித்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தாள். முடித்த கையோடு சாம்பு அண்ணா கடைக்கு வந்து வேலை கேட்டாள். அவர் போன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "போன் எடுக்கறதுக்கு எதுக்குங்க டிப்ளமா? அந்த மேஜை சும்மாத்தானே கெடக்குது, அதைக் குடுங்க" என்றாளாம். மேஜை சும்மா கிடந்தது உண்மைதான். பெட்டி பூட்டிக்கொண்டிருந்த ஆள் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் அண்ணா கொடுத்தார்.

இவளை அடக்க ஒடுக்கமான பெண் என்று யாராவது கற்பனை செய்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். "நான் பூட்டினா பூட்டினதுதானுங்க" என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வாள். மானிட்டரை ஜன்னலோரம் வெயிலில் வைக்கிற வாடிக்கையாளர்களை, அவர்கள் புரொபசரானாலும் சரி, டாக்டரானாலும் சரி, நிற்க வைத்துக் கேட்பாள். தப்பும் செய்வாள். ஒரு தடவை பிளாப்பி ஒயரைத் தலைகீழாக மாட்டிவிட்டு, விளக்கு அணையவே மாட்டேன் என்கிறதே என்று ஒரு பகல் முழுக்கத் திருதிருவென்று முழித்திருக்கிறாள். அதையும் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அவள் தமிழில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. கோபம் வந்துவிட்டால் தமிழே போய் முழுக்கக் கன்னடம்தான்.

தசரா சமயத்தில் என் கம்ப்யூட்டர் தயாரானது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். போனேன். மூடியைப் போடாமல் திறந்தே வைத்து, இது போர்டு, இது மெமரி, படம் வரவைக்கிற கார்டு இது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடின. என் பெயரை அடித்துப் பாருங்கள் என்றாள். அடித்தேன். வந்தது. என் கண்ணால் பார்த்தேன், என் விரலால் அடித்தேன். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் கிளம்பின பிறகு நடந்ததைப் பின்னால் பாக்கியம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் சாம்பு அண்ணாவின் மனைவி வாலாம்பாள் மன்னி கடைக்கு வந்திருக்கிறாள். வருஷத்தில் பூஜைக்கு மட்டும்தான் அவள் கடைப்பக்கம் வருவாள். மறுநாள் பூஜைக்கு இடம் துடைத்துக் கோலம் போட வந்தவள், எல்லார் எதிரிலும் பாக்கியத்தைப் பார்த்து, "நீ ஆத்துக்குத் தூரம் ஒண்ணும் இல்லையே" என்று கேட்டிருக்கிறாள். பில் போடுகிறவர் இருக்கிறார், சாமான் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்கள் நடுவில் இந்தக் கேள்வி. பாக்கியம், "ஆமாங்க, இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லியிருக்கிறாள். உடனே பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் வர வேண்டாம், அதற்கு மறுநாளும் வர வேண்டாம்.

இல்லை என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று நான் அவளிடம் கேட்டேன். "எதுக்குங்க பொய் சொல்லோணும்? நான் என்ன திருடினனா?" என்றாள்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து என் கடைக்குப் பெட்டி வந்து இறங்கியது. சாம்பு அண்ணாவும் மன்னியும் ஆட்டோவில் கூடவே வந்தார்கள். மன்னி வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் எல்லாம் தட்டில் கொண்டுவந்திருந்தாள். பெட்டியின் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் இருந்தன. மானிட்டருக்கு மல்லிகைச் சரம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனைக்கும் நான் அவ்வளவு சாமி கும்பிடுகிறவள் இல்லை.

அண்ணா சுவிட்சைப் போட்டார். பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து கீ, கீ என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது. அண்ணா அணைத்துப் போட்டார். மானிட்டர் ஒயரைப் பிடுங்கி மாட்டினார். வேறு பிளக்கில் சொருகினார். வெளிச்சம் கூட்டுகிற திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினார். பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுக்கூடத் தட்டினார். படம் வரவில்லை. வேர்த்துப்போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மன்னிதான் ஆரம்பித்தாள். "நான் அப்பவே நெனச்சேன். அன்னிக்கு மத்தியானம் பூரா அவ இதைத் தொட்டுண்டிருந்திருக்கா. கேட்டப்பறம்தானே வாயைத் திறந்தா. அதுக்கு முன்னாடியே ஆகியிருக்கும். தீட்டோட பூட்டின பெட்டி எப்படி வேலை செய்யும்?"

நான் என் காதையே நம்பவில்லை. "மன்னி, அன்னிக்கு நான் பார்த்தேனே, நன்னா ஓடித்தே" என்றேன்.

"அது அன்னிக்கு ஓடும். அப்பறம் நின்னுடும். நாகு, இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரணுமா? நம்மாத்துப் பொண்ணுதானே நீ" என்றாள். அந்த 'நம்மாத்துப் பொண்ணு' எனக்குச் சுள்ளென்று பட்டது. நான் தலையாட்டுவேன் என்று எவ்வளவு நிச்சயமாக நினைத்துவிட்டாள் பாருங்கள்.

நான் அண்ணா பக்கம் திரும்பினேன். பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் படித்தவர். மின்சாரத்துக்கும் தீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நேக்கும் அப்படித்தான் படறது" என்றார். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "என்ன பண்ணினோம், பூஜை பண்ணினோம். அப்பறம் ஆயுதத்தையெல்லாம் தொடக் கூடாதே. அப்படியே வெச்சிருந்து இன்னிக்குக் காலம்பற எடுத்துண்டு வந்தோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அது பூஜை மட்டும்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தேவலை. என் மேஜை மேலிருந்த போனை எடுத்து, ஊரிலிருந்த வேறு இரண்டு கம்ப்யூட்டர் கடைக்காரர்களின் வீட்டுக்குப் போட்டு, உங்களிடம் யாராவது ஆள் இருந்தால் கொஞ்சம் அனுப்புங்கள், எங்கள் கடைப் பெண் தொட்டது துலங்கவில்லை, அவளுக்குக் கைராசி கிடையாது, நான் அவளை நிறுத்தப் போகிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். என் கடையில் நின்று, என் போனில். அன்றைக்கு மைசூரில் இந்த வேலை நடக்கிற கடைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒருத்தர் வாயிலிருந்து வந்தால் மற்றவர்கள் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மேஜைக்காக வாய்ச்சண்டை போட்டு வேலை வாங்கின பெண்ணுக்கு, இனி இந்த ஊரில் எந்தக் கடையிலும் மேஜை கிடைக்காது. அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் பிழைப்பு முடிந்தது.

அந்தக் கடைக்காரர்களும் பண்டிகை நாளில் யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். தீட்டுப் போகப் புண்யாகவாசனம் செய்து தீர்த்தம் கொண்டுவந்து பெட்டிக்குத் தெளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மன்னி சொன்னாள். சாஸ்திரிகளைப் பிடிக்க இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். நான் கடையைப் பூட்டிக்கொண்டு என் லூனாவை எடுத்தேன்.

தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரி நாளில் ஊருக்குள் வண்டி ஓட்டுவதைப் போல வேதனை வேறில்லை. அரண்மனைப் பக்கம் எல்லா வழியையும் அடைத்துவிட்டார்கள். மனிதர்கள் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலை நடுவில் போகிறார்கள். சந்து சந்தாக நுழைந்து, இரண்டு போலீஸ்காரர்களிடம் திட்டு வாங்கி மேட்டகள்ளி போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தலை வெடித்தது. கோபத்தில் பாதி போலீஸ்காரர்கள் மேல், மீதி சாம்பு அண்ணா மேல்.

பாக்கியம் வாசலில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மூடி மறைக்க எனக்குத் தெரியாது. தீட்டு என்று சொன்னதையும், போனில் சொன்னதையும் சொன்னேன். ஜடையன் உள்ளேயிருந்து வந்து நின்று கேட்டார். மாதம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பாக்கியம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "சத்தம் வந்துச்சுங்களா?"

"வந்தது. கீ கீன்னு விட்டு விட்டு."

"நீட்டமாங்க, குட்டையாங்க?"

"நீட்டமா."

"அப்ப போர்டுக்கு உசுரு இருக்குதுங்க. மெமரிதான் தெரியலைங்குது." சொல்லிவிட்டு அவள் முகம் சுருங்கியது. "நான்தான் சரியா அழுத்தாம வுட்டுட்டனோ என்னமோ" என்றாள்.

அதுவரை இருந்த வேகத்தில் பாதி எனக்கே இறங்கிவிட்டது. அப்படியும் இருக்கலாமே. அப்படி இருந்தால் அவர்கள் சொன்னது பொய்யானாலும் பழி இவள் மேலேயே நிற்கும். இவளால் அங்கே போய் நிற்கவும் முடியாது.

"போவ வேண்டாம் சாமி" என்று மகளிடம் சொன்னாள் மாதம்மா. "பெரியவங்க ஒண்ணு சொல்லிட்டாங்க. வேற வேலையப் பாத்துக்கலாம். அங்க போயி இன்னும் நாலு பேரு முன்னால கேக்கோணுமா?"

"என்ன வேலைங்கம்மா? சித்தாள் வேலையா?" என்று கேட்டாள் பாக்கியம். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நான் இன்னும் அப்படியேதான் இருக்கறன். ஒங்க கடைக்குள்ள வரலாங்களா?" என்றாள்.

"அது என் கடை. உன்னைப் பெட்டியைப் பாக்கத்தான் கூப்பிட வந்தேன். வேற எதையும் நான் கேக்கலை" என்றேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்துவந்தாள்.

என் கடைக்கு வந்து பெட்டியின் மூடியைத் திறந்ததும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். உள்ளே ஒரு சாமான் பாக்கியில்லை. கரன்ட் வருகிற டப்பாவுக்கு ஒரு பொட்டு, டிஸ்க்குக்கு ஒரு பொட்டு, காற்றாடிக்கு ஒரு பொட்டு, போர்டின் நாலு மூலையிலும் நாலு. சந்தனத்தின் மேல் அழகாகக் குங்குமம் வைத்திருந்தது. வெளியே இருப்பது வெறும் தகரம், உள்ளே இருப்பதுதானே ஆயுதம் என்று அண்ணாவுக்குத் தோன்றியிருக்கிறது. திறந்து, ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்துப் பூஜை போட்டுவிட்டு, மறுபடி மாட்டியிருக்கிறார்.

"நான் பூட்டின பெட்டிய நான் இல்லாதப்பத் தொறந்தாங்களா?" என்றாள் பாக்கியம். அதற்குப் பிறகு பேசினதெல்லாம் கன்னடம். எழுத வேண்டாம்.

பொட்டுகளையெல்லாம் துணியால் துடைத்தாள். அவை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னாள். மெமரியை நன்றாக அழுத்தி மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். அதே சத்தம். அடுத்த குழியில் மாற்றி மாட்டினாள். அதே சத்தம். போர்டு எங்காவது தகரத்தில் முட்டுகிறதா என்று சந்தேகப்பட்டு ஸ்க்ரூவையெல்லாம் கழற்றி, போர்டையே வெளியில் எடுத்து என் மேஜையில் நியூஸ் பேப்பர் மேல் வைத்துப் பார்த்தாள். வீண் வேலை. வெளியே சவாரிக்குப் போகிற கூட்டத்தின் சத்தம் உள்ளே வரை கேட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எந்த நிமிஷமும் வந்துவிடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுபடி மெமரியைக் கழற்றினாள். விரல் நீளப் பட்டை, அதன் ஒரு ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தங்கப் பூச்சு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தங்கம் மின்னவில்லை. ஒரு பக்கம் மங்கலாக, மஞ்சள் படிந்த மாதிரி இருந்தது. மூக்குக்கிட்ட கொண்டுபோனாள். பிறகு என் மூக்குக்கிட்ட நீட்டினாள். சுத்தமான மைசூர்ச் சந்தனம்.

"பட்டையில பொட்டு வெக்கறதுக்கு அவருக்கு இந்த எடந்தானுங்களா கெடச்சுது?" என்றாள். தங்கமாக இருக்கிறதே, இதுதான் முகம் என்று நினைத்து மோதிர விரலால் இழுவிவிட்டிருக்கிறார். அது அப்படியே காய்ந்து, தங்கத்துக்கும் குழிக்கும் நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்துவிட்டது. பூஜை ஆன ஆயுதத்தை அன்றைக்கு ஓட்டக் கூடாது என்பதால் மாட்டினதும் போட்டுப் பார்க்கவும் இல்லை. "அதுவும் நல்லதுக்குத்தானுங்க. ஈரத்தோட சுவிட்ச் போட்டிருந்தா போர்டே போயிருக்கும்" என்றாள்.

என் மேஜையிலிருந்த ரப்பரைக் கொடுத்தேன். மெதுவாகத் தேய்த்தாள். மஞ்சள் மஞ்சளாகத் துருவல் விழுந்தது. டைப்ரைட்டர் துடைக்கிற பிரஷ்ஷால் குழியைச் சுத்தம் செய்தாள். சுவிட்சைப் போட்டதும் சத்தம் மாறியது. ஒரு நீட்டம், இரண்டு குட்டை. "மெமரி வந்திருச்சுங்க. இப்ப படக் கார்டைக் கேக்குது" என்றாள். அந்தக் கார்டின் தங்கப் பல்லிலும் அதே சந்தனம். தேய்த்து மாட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடத் தொடங்கின. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

எல்லாவற்றையும் பெட்டிக்குள் திரும்ப மாட்டிவிட்டு மூடியைப் போடாமல் வைத்திருந்தோம். அப்போதுதான் அண்ணாவும் மன்னியும் படியேறி வந்தார்கள். கூட்டத்தில் சாஸ்திரிகளால் வர முடியவில்லையாம். அவர் ஆத்திலேயே மந்திரம் சொல்லித் தீர்த்தத்தைச் செம்பில் கொடுத்தனுப்பியிருந்தார். மன்னி கையில் செம்பும் மாவிலையும்.

அண்ணா திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆஹா, வந்துடுத்தே" என்றார். "பாத்தியா வாலா, அங்கே மந்திரம் சொல்லி முடிச்ச நேரமும் இதுவும் சரியா இருக்கும்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மன்னி மாவிலையைச் செம்பில் முக்கிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த பெட்டியை நோக்கி வந்தாள். பாக்கியம் குறுக்கே போய் நின்றாள். "தண்ணி வேண்டாங்க. உள்ள கரன்ட் இருக்குது."

மன்னி அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். ஓரடி பின்னால் போனாள். "நீ எப்போ வந்தே? ஸ்நானம் பண்ணிட்டுத்தானே தொட்டே?"

"இல்லீங்க. எனக்கு இன்னும் முடியலை. இப்பவும் தூரந்தானுங்க. இந்தக் கையாலதான் தொட்டன், படம் வந்துச்சு" என்றாள் பாக்கியம். ரப்பர் துருவல் கிடந்த பேப்பரை எடுத்து அண்ணா முன்னால் நீட்டினாள். "இது நீங்க வெச்ச சந்தனமுங்க. மெமரி மேல."

அண்ணா பேப்பரை முகர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பிஸிக்ஸ் முழுக்க மறந்துபோகவில்லை. பிறகு, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "சரி, ஆனது ஆச்சு. சந்தனம் வெச்சதுல தப்பு ஒண்ணும் இல்லை, இடம்தான் மாறிப்போச்சு" என்றார்.

நான் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காலையில் பேசின இரண்டு பேரிடமும் இப்போதே பேசுங்கள் என்றேன். முனகிக்கொண்டே எண்ணைச் சுழற்றினார். பெட்டி சரியாகிவிட்டது, சின்ன லூஸ் கான்டாக்ட் என்றார். நான் ரிசீவரைப் பிடுங்கினேன். லூஸ் கான்டாக்ட் இல்லை, சாம்பு அண்ணா மெமரிக்குச் சந்தனம் பூசிவிட்டார், அவர் பூசினதை அவர் கடைப் பெண் கண்டுபிடித்துத் துடைத்தாள், அவள் பெயர் பாக்கியலட்சுமி என்று கன்னடத்தில் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இரண்டாவது ஆளுக்கும் சொன்னேன். மறுமுனையில் சிரிக்கிற சத்தம் அண்ணாவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"நாகு, போறும்" என்றார். பிறகு பாக்கியத்திடம் திரும்பி, ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி, "உன் மேஜை உனக்குத்தான். ஆனா மாசாமாசம் அந்த நாள் வந்தா மன்னிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. அன்னிக்கு மட்டும் வர வேண்டாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

இவ்வளவும் நடந்த பிறகு இப்படிக் கேட்க ஒரு மனிதருக்கு எப்படி நாக்கு வருகிறது? நான் கத்தப் போனேன். பாக்கியம் என் கையைப் பிடித்தாள்.

"இதுவரைக்கும் நான் எத்தனையோ பெட்டி பூட்டியிருக்கறன். அதுல எதெல்லாம் அந்த நாள்ல பூட்டினதுன்னு நீங்க கண்டுபுடிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணா மன்னியைத் திரும்பிப் பார்த்தார்.

"மடத்து ஆபீசுக்கு அவசரம்னு ஒரு பெட்டி ஒரே நாள்ல பூட்டிக் குடுத்தனே. நம்ம கடைப் பெட்டி எப்படி ஓடும்னு கேக்கறவங்ககிட்ட எல்லாம் அதைத்தானே சொல்லுவீங்க? அன்னிக்கு எனக்குத் தூரம் ஆன முதல் நாளுங்க."

மன்னி கையிலிருந்த செம்பு சாய்ந்து புடவையெல்லாம் நனைந்தது. அவள் கவனிக்கவில்லை. அண்ணாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் குரலைத் தாழ்த்தி, "இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே அம்மா" என்றார். அம்மா என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நான் எதுக்குங்க சொல்லப் போறன்? கேட்டாத்தான் சொல்லுவன். எனக்குப் பொய் சொல்ல வராது. நீங்க கேக்காதீங்க" என்றாள்.

மன்னி செம்பை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினாள். பாக்கியம் பெட்டிக்கு மூடியைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்கத் தொடங்கினாள். அண்ணா போகிற போக்கில் வாசலில் நின்றார்.

"நாளைக்குக் கடைக்கு வரியா?"

"எப்பவும் போல வருவனுங்க" என்றாள், ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.